பூச்சி மருந்து தவறாமல் கொடுத்தும் போலுவுக்கு இதயப்புழு வந்தது எப்படி?

திருச்சியிலிருந்து ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். கணவருக்கு மத்திய அரசு வேலை. நான்கு வருடம் கவுகாத்தியில் இருந்துவிட்டுச் சென்ற ஆண்டுதான் ஊர் திரும்பியிருக்கிறார்கள். அங்கே குடியிருப்பு வாசலில் குட்டியாக வந்து ஒட்டிக்கொண்ட நாட்டு நாய் போலுவை விட்டுவர மனமில்லாமல் ரயிலில் கூடவே அழைத்து வந்துவிட்டார்கள். இப்போது அதற்கு ஐந்து வயது, எடை 22 கிலோ.

இரண்டு மாதமாகப் போலுவுக்கு வறட்டு இருமல். மாலை நடையில் பாதி வழியிலேயே உட்கார்ந்துவிடுகிறது. சாப்பாட்டில் குறையில்லை. உள்ளூர் மருத்துவர் ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தபோது நெளியும் குட்டிப்புழுக்கள் தெரிந்திருக்கின்றன. அடுத்து கிட் வைத்துச் செய்த இதயப்புழு ஆன்டிஜென் பரிசோதனையும் பாசிட்டிவ். எக்ஸ்ரேயும் ஸ்கேனும் எடுக்கச் சொல்லியிருக்கிறார், இன்னும் எடுக்கவில்லை.

வாசகியின் குழப்பங்கள் பல. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மாத்திரை கொடுத்தும் இது எப்படி வந்தது? பச்சைக் கோழிக் கழிவைத் தின்றதாலா? முசிறிப் பக்கம் மாடு வைத்திருக்கும் கொழுந்தனார், 'ஐவர்மெக்டின் ஊசி அரை மில்லி போட்டால் எல்லாப் புழுவும் செத்துவிடும்' என்கிறார். மாமியாரோ, வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், நாயை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்கிறார். எட்டு மாத லேப்ரடார் குட்டி ஒன்றும் வீட்டில் இருக்கிறது. ஆபரேஷன் செய்து புழுவை எடுத்துவிடலாமா என்றும், பொங்கலுக்குக் கிராமத்துக்குப் போகும்போது போலுவையும் கூட்டிப்போகலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் கொழுந்தனாரிடம் சொல்லி அந்த ஊசியை நிறுத்துங்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசிக்கொள்ளலாம். நீங்கள் விவரித்திருப்பதை வைத்துப் பார்த்தால் போலுவின் நோய் நடுத்தர நிலையில் இருக்கலாம். இருமலும் களைப்பும் இருக்கின்றன. ஆனால் நன்றாகச் சாப்பிடுகிறது, வயிறு வீங்கவில்லை, மயங்கி விழவில்லை. இந்த நிலையில் வரும் நாய்களில் பெரும்பாலானவை முறையாக வைத்தியம் செய்தால் தேறிவிடும். அவசரப்பட்டு ஏதாவது செய்தால்தான் நாயை இழக்க நேரும்.

பூச்சி மாத்திரை ஏன் காப்பாற்றவில்லை

நீங்கள் கொடுத்துவந்தது குடற்புழு மாத்திரை. உருளைப்புழு, கொக்கிப்புழு, நாடாப்புழு என்று குடலில் இருப்பவற்றைத்தான் அது வெளியேற்றும். இதயப்புழு குடல் பக்கம் வருவதே இல்லை. பச்சைக் கோழிக் கழிவாலும் இது வராது (அதைத் தின்னவிடாமல் இருப்பதற்கு வேறு காரணங்கள் உண்டு). இது கொசுவால் மட்டுமே வரும். நோயுள்ள நாயைக் கடிக்கும் கொசு ரத்தத்தோடு குட்டிப்புழுக்களையும் உறிஞ்சிக்கொள்கிறது. கொசுவின் உடலுக்குள் அவை 10 முதல் 14 நாளில் அடுத்த நாய்க்குத் தொற்றும் பருவத்தை அடைகின்றன. அந்தக் கொசு இன்னொரு நாயைக் கடிக்கும்போது கடிவாய் வழியாக உள்ளே போய், தோலடியிலும் தசையிலும் வளர்ந்து, கடைசியில் நுரையீரலுக்குப் போகும் தமனியில் குடியேறுகின்றன. இதயப்புழு என்று பெயர் இருந்தாலும் பெரும்பாலும் அதன் இருப்பிடம் அந்தத் தமனிதான். எண்ணிக்கை மிகுந்தால் இதயத்தின் வலது அறைக்கும் பரவும். இருமல் வருவதும் இதனால்தான். பெண் புழு 25 முதல் 30 சென்டிமீட்டர் வரை வளரும். ஓர் இடியாப்ப இழையை நீட்டிப் பிடித்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும்.

கொசு கடித்த நாளிலிருந்து புழு முதிர்ந்து குட்டி போட ஆறேழு மாதம் ஆகும். முதிர்ந்த புழு நாயின் உடலில் ஐந்து முதல் ஏழு வருடம் வரை உயிரோடு இருக்கும். போலு கவுகாத்தியில் நான்கு வருடம் இரவெல்லாம் வராந்தாவில் படுத்திருந்தது, தடுப்பு மருந்து ஒரு மாதமும் கொடுத்ததில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அசாம், மிசோரம் உள்ளிட்ட வடகிழக்குப் பகுதி இந்த நோய் வேரூன்றிய இடம். இரவில் வெளியே படுப்பது, தடுப்பு மருந்து இல்லாதது, நோய் உள்ள பகுதியில் பல மழைக்காலங்களைக் கழித்தது என்று முக்கியமான ஆபத்துக் காரணிகள் மூன்றும் போலுவுக்குப் பொருந்துகின்றன. வயது கூடக் கூட வாய்ப்பும் கூடுவது, கடிபட்ட வருடங்கள் கூடுவதால்தான். முடி அடர்ந்த நாய்க்கு வராது, வீட்டு நாய்க்கு வராது என்று சொல்வதை நம்ப வேண்டாம். மூக்கின் மேலும் காது மடலிலும் வயிற்றடியிலும் கொசுவுக்கு இடமா இல்லை?

இது இதயப்புழுதானா என்று இன்னொருமுறை பார்த்துவிடுங்கள்

தகட்டில் நெளிந்ததெல்லாம் இதயப்புழுவின் குட்டிகள் என்று உடனே முடிவு கட்டக் கூடாது. கேரளம் உள்ளிட்ட தென்னிந்தியப் பகுதிகளில் நாய் ரத்தத்தில் பரவலாகக் காணப்படுவது டைரோஃபைலேரியா ரீபென்ஸ் என்ற உறவுக்காரப் புழு. அதுவும் கொசுவால்தான் பரவும், ஆனால் தோலுக்கடியில் வாழும், இதயத்துக்குப் போகாது. மைக்ராஸ்கோப்பில் சட்டென்று பார்த்தால் இரண்டின் குட்டிகளும் ஒன்றுபோலவே தெரியும். 'ரத்தத்தில் புழு' என்ற ஒரே வரியை வைத்துக்கொண்டு இதயப்புழு வைத்தியம் தொடங்கிவிடும் நாய்களும் உண்டு. இதயத்துக்கே போகாத புழுவுக்காக அவை மாதக்கணக்கில் மருந்து தின்ன வேண்டியதாகிவிடுகிறது.

போலுவுக்கு ஆன்டிஜென் பரிசோதனையும் பாசிட்டிவ் என்பதால் இதயப்புழு இருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் கிட் முதிர்ந்த பெண் புழு வெளிவிடும் பொருளைக் கண்டுபிடிக்கிறது. ஆனாலும் நீண்ட வைத்தியம் தொடங்கும் முன் வேறொரு நிறுவனத்தின் கிட்டிலும் ஒருமுறை பார்ப்பது நல்ல வழக்கம். குட்டிப்புழு எந்த வகை என்று பி.சி.ஆர். என்ற மரபணுப் பரிசோதனை செய்து பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் இதுபற்றிக் கேட்டுப்பாருங்கள். ரத்த மாதிரியை அனுப்ப முடியுமா என்று உங்கள் மருத்துவரே விசாரித்துச் சொல்லலாம். இரண்டு வகையும் ஒரே நாயில் சேர்ந்து இருப்பதும் உண்டு.

எக்ஸ்ரேயைத் தள்ளிப்போடாதீர்கள். நுரையீரல் தமனி எவ்வளவு தடித்திருக்கிறது என்பது அதில்தான் தெரியும். எக்கோ ஸ்கேனில் புழுவையே பார்க்க முடியும். இரட்டைக் கோடு மாதிரி மினுங்கும். கூடவே சிறுநீரில் புரதம் போகிறதா, கல்லீரலும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன என்றும் பார்ப்பார்கள். இவற்றை வைத்துத்தான் வைத்தியத்தின் வேகத்தை முடிவு செய்ய முடியும்.

அந்த அரை மில்லி ஊசி

கொழுந்தனார் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நாய்களுக்குச் சொறி வந்தால் மருத்துவர்கள் ஐவர்மெக்டின் போடுவதைப் பார்த்திருப்பார், மாட்டுக்கு உண்ணி வந்தால் அவரே போட்டிருப்பார். கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். இதயப்புழு வராமல் தடுக்க நாய்க்கு மாதம் ஒருமுறை கொடுக்கும் ஐவர்மெக்டின் அளவு, ஒரு கிலோ எடைக்கு 6 மைக்ரோகிராம். 22 கிலோ போலுவுக்கு 132 மைக்ரோகிராம். மாட்டுக்குப் போடும் ஒரு சதவீத ஊசி மருந்தில் ஒரு மில்லிக்கு 10,000 மைக்ரோகிராம் இருக்கிறது. அரை மில்லி என்றால் 5,000. தடுப்பு அளவைப் போல முப்பது மடங்குக்கும் மேல். தடுப்பு அளவை அந்த மருந்திலிருந்து எடுப்போம் என்றாலும் சாதாரண 2 மில்லி சிரிஞ்சில் அளக்கவே முடியாது.

அவ்வளவு மருந்து ஒரே மூச்சில் உள்ளே போனால் ரத்தத்தில் இருக்கும் ஆயிரக்கணக்கான குட்டிப்புழுக்கள் சில மணி நேரத்தில் செத்து, நாய் அதிர்ச்சிக்குள் போய்விடலாம். வாந்தி, ஈறு வெளுப்பு, தள்ளாட்டம், சில சமயம் மரணம். இத்தனைக்குப் பிறகும் தமனியில் இருக்கும் முதிர்ந்த புழுக்கள் அப்படியேதான் இருக்கும். கோலி வகை நாய்களுக்கும் அவற்றின் கலப்பினங்களுக்கும் இந்த மருந்து மூளைக்குள் போய் வேறு ஆபத்து செய்யும். போலு அந்த வகை இல்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். யானைக்கால் நோயைத் தடுக்க அரசு வீடு வீடாகக் கொடுத்த டி.இ.சி. மாத்திரை பல வீடுகளில் டப்பாவில் மிஞ்சிக் கிடக்கும். அதுவும் இதே குடும்பத்துப் புழுவுக்கான மருந்துதானே என்று நாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள். குட்டிப்புழு ரத்தத்தில் ஓடும் நாய்க்கு அது கடும் அதிர்ச்சியை உண்டாக்கி உயிரைப் பறிக்கக்கூடும். பூண்டு கொடுக்கும் யோசனை வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். பூண்டு நாயின் சிவப்பணுக்களை உடைக்கும், புழுவை ஒன்றும் செய்யாது. ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் என்று யாராவது சொன்னால் அதுவும் வேண்டாம்.

சரியான வைத்தியம் எப்படிப் போகும்

அமெரிக்காவில் முதல் தேர்வாக இருப்பது மெலார்சோமின் என்ற ஆர்சனிக் சேர்ந்த ஊசி. முதுகின் தசையில் ஆழமாக ஓர் ஊசி, ஒரு மாதம் கழித்து 24 மணி நேர இடைவெளியில் இரண்டு ஊசிகள் என்று போடுவார்கள். முதிர்ந்த புழுவைக் கொல்வதில் இதற்கு இணை இல்லை. நம் நாட்டில் இது எளிதில் கிடைப்பதில்லை. யாராவது இணையத்தில் தருவதாகச் சொன்னால் வாங்கிவிடாதீர்கள். போலியாக இருந்தால் பணம் போகும், அசலாக இருந்து தெரியாதவர் போட்டால் நாய் போகும்.

அதனால் உங்கள் மருத்துவர் மெதுவான வழியைச் சொல்லக்கூடும். நான்கு வாரம் டாக்ஸிசைக்ளின் மாத்திரை, கூடவே மாதாமாதம் கழுத்துத் தோலில் ஊற்றும் மாக்ஸிடெக்டின் என்ற புழு மருந்து. புழுவுக்கு எதற்கு ஆன்டிபயாடிக் என்று தோன்றும். இதயப்புழுவின் உடலுக்குள் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. புழுவின் வளர்ச்சியும் இனப்பெருக்கமும் அதை நம்பித்தான் இருக்கின்றன. பாக்டீரியா செத்தால் புழு நலிந்துபோகும், பிறகு புழு சாகும்போது நாயின் நுரையீரலில் ஏற்படும் வீக்கமும் குறையும். மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள், வாந்தி எடுக்கும். இருமல் அதிகமாக இருந்தால் சில வாரங்களுக்கு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும் சேர்ப்பார்கள். மாக்ஸிடெக்டின் குட்டிப்புழுக்களையும் கொல்லும் என்பதால் முதல் தடவை மருத்துவமனையிலேயே போட்டு, அன்று முழுக்க நாயைக் கண்காணிப்பில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

இந்த வழியில் ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆன்டிஜென் பார்த்து, அடுத்தடுத்து இரண்டு முறை நெகட்டிவ் வந்த பிறகே முடிந்தது என்று சொல்ல முடியும். அதுவரை புழு தமனிக்குள் இருந்துகொண்டே கொஞ்சம் சேதம் செய்துகொண்டிருக்கும் என்பது இந்த வழியின் குறை. மறைத்துச் சொல்வதில் பயனில்லை.

ஆபரேஷன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். புழுக்கள் கூட்டமாக இதயத்துக்குள் அடைத்துக்கொண்டு, நாய் திடீரென்று சுருண்டு விழுந்து, ஈறு வெளுத்து, சிறுநீர் காப்பித் தண்ணீர் நிறத்தில் போனால் மட்டும் கழுத்து ரத்தக்குழாய் வழியாகக் கருவியை விட்டுப் புழுக்களை இழுத்து எடுப்பார்கள். போலுவுக்கு இப்போது அந்த நிலை இல்லை. அப்படி ஓர் அறிகுறி தெரிந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் ஓடுங்கள்.

மருந்தைவிடக் கடினமான வேலை

மருந்து கொடுப்பது எளிது. நாயை ஓடவிடாமல் வைத்திருப்பதுதான் பாடு. செத்த புழு உடனே மறைந்துவிடாது. துண்டு துண்டாகச் சிதைந்து ரத்த ஓட்டத்தில் நுரையீரலின் சிறு குழாய்களுக்குப் போய் அடைக்கும். நாய் சும்மா படுத்திருந்தால் உடல் அந்தத் துண்டுகளை மெல்ல மெல்லக் கரைத்துவிடும். துள்ளிக் குதித்து ஓடினால் ரத்தம் வேகமாகப் பாய்ந்து அடைப்பு பெரிதாகும். இருமலில் ரத்தம், காய்ச்சல், வாயைத் திறந்து மூச்சு வாங்குவது என்று ஆரம்பித்து உயிர் போகும்வரை போய்விடலாம்.

பெரும்பாலும் தவறு நடப்பது மூன்றாவது, நான்காவது வாரத்தில். மாத்திரையால் இருமல் குறைந்திருக்கும், நாய் பழையபடி வாலை ஆட்டிக்கொண்டு பந்தைத் தூக்கிவரும், பிள்ளைகளுக்கும் பாவமாக இருக்கும். 'சரியாகிவிட்டதே' என்று மொட்டை மாடியில் அவிழ்த்துவிடுவார்கள். போலுவுக்கு வைத்தியம் நடக்கும் மாதங்கள் முழுக்க மாடிப்படி, பந்து, லேப் குட்டியோடு மல்லுக்கட்டு மூன்றும் கிடையாது. சிறுநீர், மலம் கழிக்க மட்டும் கயிற்றோடு மெதுவாக நடத்திக் கூட்டிப்போய் வாருங்கள், அதுவும் வெயில் ஏறுமுன். அழைப்பு மணி அடித்தால் வாசலுக்குப் பாயும் நாய் என்று எழுதியிருந்தீர்கள். மணியைக் கழற்றிவிடுங்கள், வருகிறவர்கள் போன் செய்யட்டும். உள்ளறையில் ஜன்னலுக்குப் பக்கத்தில் படுக்க இடம், கடிக்க ஏதாவது, பக்கத்தில் உட்கார ஓர் ஆள் இருந்தால் பெரும்பாலான நாட்டு நாய்கள் சில நாளில் பழகிவிடும். முடியாவிட்டால் மருத்துவரிடம் சாந்தப்படுத்தும் மருந்து கேளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிள்ளைகளும் மாமியாரும்

உங்கள் மாமியாரின் கவலை நியாயமானது, ஆனால் தீர்வு தவறு. போலு நக்குவதாலோ, அதன் எச்சில், மலம் பட்டாலோ, கூடப் படுப்பதாலோ பிள்ளைகளுக்கு இது வராது. நோயுள்ள நாயைக் கடித்த கொசு மனிதரைக் கடித்தால் மிக அரிதாகப் புழு உள்ளே போகும். மனித உடல் அதற்குச் சரிப்படாததால் பெரும்பாலும் வளராமலே செத்துவிடும். எப்போதாவது நுரையீரலில் சிறு கட்டியாகத் தங்கி, எக்ஸ்ரேயில் பார்ப்பவரைப் பதற வைப்பதுண்டு. கேரளத்தில் சிலருக்குக் கண்ணில் புழு எடுத்தார்கள் என்று மாமியார் செய்தி படித்திருப்பார். அது பெரும்பாலும் மேலே சொன்ன ரீபென்ஸ் வேலை. யானைக்கால் நோய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அந்தப் புழு வேறு.

நாயைக் கொண்டுபோய் விட்டால் என்ன ஆகும் என்று மாமியாரிடம் பொறுமையாகச் சொல்லிப்பாருங்கள். வைத்தியம் நின்றுவிடும், போலு இருக்கும் தெருவில் உள்ள கொசுக்களுக்கெல்லாம் குட்டிப்புழு கிடைக்கும். திருச்சி வெயிலில் வருடம் முழுக்கக் கொசுவுக்குள் புழு வளரும், குளிர்காலம் என்ற தடையே இங்கு இல்லை. பட்டினி கிடக்கும்படி நாயைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் சில மாதத்தில் அதன் ரத்தத்தில் குட்டிப்புழுக்கள் இல்லாமல் போய்விடும், பிறகு அதனால் யாருக்கும் பரவாது.

லேப் குட்டிக்கு

இரண்டு மாதக் குட்டியாக வந்தது என்றால் ஆறு மாதமாகப் போலுவோடு ஒரே வீட்டில் இருக்கிறது. இப்போது பரிசோதித்தால் நெகட்டிவ் வரலாம். கொசு கடித்து ஆறேழு மாதம் ஆகாமல் பெரும்பாலும் எந்தக் கிட்டிலும் தெரியாது. ஆனாலும் இப்போது ஒருமுறை பாருங்கள், அன்றே மாதாந்திரத் தடுப்பு மருந்தைத் தொடங்குங்கள், ஆறு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். தடுப்பு மருந்து வருங்காலக் கடியைத் தடுப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது கடந்த ஒரு மாதத்தில் உள்ளே போன இளம் புழுக்களைத்தான் கொல்கிறது. மாதம் தவறினால் அந்தப் புழுக்கள் மருந்துக்கு அடங்காத வயதுக்கு வளர்ந்துவிடும், அதனால் தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். பருவமழை மாதங்களில் மட்டும் போதும் என்ற யோசனை நம் ஊருக்கு ஒத்துவராது.

சூரியன் சாய்ந்ததும் இரண்டையும் வலையடித்த அறைக்குள் கொண்டுவந்துவிடுங்கள். தண்ணீர் தேங்கும் தொட்டி, பூச்செடித் தட்டு எல்லாம் வாரம் ஒருமுறை காயட்டும். நமக்குப் பூசும் கொசு க்ரீமை நாய்க்குப் பூசாதீர்கள், நக்கி உள்ளே தள்ளிவிடும். கொசுவை விரட்டும் பெர்மெத்ரின் கலந்த சொட்டு மருந்து நாய்களுக்கு உண்டு. பூனைக்கு அந்த மருந்து விஷம் என்பதால், வீட்டில் பூனை இருந்தால் கடையில் வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் பொங்கல் பயணம். காரில் போவது பெரிய பிரச்சினை இல்லை. ஆனால் கிராமத்தில் தெரு நாய்கள், மாடு, வெடிச்சத்தம், வாசல் முழுக்கப் பிள்ளைகள் என்று போலுவைப் படுக்கவைக்க வழியே இருக்காது, இரவில் திண்ணையில்தான் கட்டுவீர்கள். டாக்ஸிசைக்ளின் தொடங்கி மாக்ஸிடெக்டினும் போட்டபின் வரும் வாரங்கள் அவை. உங்கள் கணவரோ அதற்குப் பழகிய வேறு யாரோ ஒருவர் வீட்டிலேயே தங்கட்டும்; லேப் குட்டியை மட்டும், அந்த மாதத் தடுப்பு மருந்தைக் கொடுத்துவிட்டு, கூட்டிப்போங்கள்.